பழைய முறையில் ஒரு கோப்பை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று பணித்த செயலாளர், தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தார். ‘காக்டெய்லின் வரலாறு’ என்று நான் எழுதி அனுப்பியதும், கடிதம் உறை மாறி வந்துவிட்டதோ என்று ஐயுற்று மறுகடிதம் விடுத்தார். உறை மாறவில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. யவனர் கொணர்ந்த தேறலை உண்டு இனிதிருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்றுப் பாட்டும் நம்முடையதே. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிறேன். நான் குடிப்பவன் அல்லன். மது குலைத்த வீடுகளை நீங்கள் அறிவதைப் போலவே நானும் அறிவேன். ஆகவே என் பேச்சில் போதையின் புகழைத் தேட வேண்டாம்.

என்னை ஈர்த்தது வேறொன்று. காக்டெய்ல் என்பது ஒரு வடிவம். அதற்கு அளவு உண்டு, உறுப்புகள் உண்டு, பெயர் உண்டு. வாய்மொழியாய் வழங்கிப் பின் ஏறியது அச்சில். படியெடுத்தவர் கையில் சிதைந்தது. ஒரு காலத்தில் மறைந்தே போயிற்று. பின்னர் பழைய நூல்களைத் தேடியெடுத்தவர்களால் மீண்டது. மரபா புதுமையா என்று பத்தாண்டுகளாக இங்கே வழக்காடி வரும் நமக்கு இது அயலான கதையாக இராது.

காக்டெய்லுக்கு முன்னோடி பஞ்ச். பதினேழாம் நூற்றாண்டில் கீழ்த்திசைக் கடல்களுக்கு வந்த ஆங்கிலக் கப்பல்களில், ஊரிலிருந்து ஏற்றிவந்த பீர் வெப்பத்தில் புளித்துப் போகும். கரையில் கிடைத்தது சாராயம். அதனோடு எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், நறுமணப் பொருள் ஆகியவற்றைக் கூட்டிப் பெரிய கிண்ணத்தில் கலந்து, சூழ அமர்ந்து குடித்தார்கள். 1632-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதத்திலேயே இச்சொல் வந்துவிடுகிறது. ஐந்து பொருள் சேர்வதால் ‘பஞ்ச’ என்னும் இந்தியச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது என்று, கம்பெனியின் மருத்துவராயிருந்த ஜான் ஃபிரையர் 1698-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். பஞ்சியன் என்னும் மரப்பீப்பாயின் பெயரே சுருங்கியது என்பாரும் உளர். பஞ்சாமிர்தம் அறிந்த நமக்கு முதற் கருத்தே இனிக்கும், இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை.

பஞ்ச் கூட்டத்துக்குரியது. ஒரு கிண்ணம் தீரும் வரை இரவு முழுவதும் அமர்ந்திருக்க வேண்டும். பெருங்காப்பியத்தைக் கேட்கும் அவையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், விரைந்து நகரும் நகரங்களில், அது ஒருவருக்கு ஒரு கோப்பை என்று சுருங்கியது. காப்பியம் போய்த் தனிப்பாடல் வந்த கதைதான்.

‘காக்டெய்ல்’ என்னும் சொல் அதற்கு முன்பே ஓரிரு இடங்களில் தலைகாட்டியிருப்பினும், அச்சில் அதற்குப் பொருள் கூறப்பட்டது 1806-இல். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் ‘பேலன்ஸ் அண்ட் கொலம்பியன் ரெப்பாசிட்டரி’ என்றோர் இதழ். அவ்வாண்டு மே மாதத்தில், தேர்தலில் தோற்ற வேட்பாளர் ஒருவரின் வரவு செலவுக் கணக்கை அது எள்ளலாக வெளியிட்டது. ரம் கலவை 720, ஜின் கலவை 32, கசப்புச் சாறு 411 கோப்பை, காக்டெய்ல் 25 கோப்பை; இவையும் தேர்தலும் இழப்புப் பத்தியில். வரவுப் பத்தியில் ஒன்றுமில்லை. நம் நாட்டுத் தேர்தல் கணக்குகளை நினைத்து நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அதைப் படித்த வாசகர் ஒருவர், மற்றவை தெரியும், காக்டெய்ல் என்பது யாது என்று கேட்டெழுதினார். மே 13-ஆம் நாள் ஆசிரியர் விடை அளித்தார்: ஏதேனும் ஒரு வடிமது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாறு, இந்நான்கின் கலவை. இதை விழுங்கியவன் எதையும் விழுங்குவான் ஆதலால் எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்கு மிக உதவும் என்று ஒரு குத்தலும் சேர்த்தார். ஓர் இலக்கிய வகையின் இலக்கணம் அரசியல் நையாண்டியில் பிறந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்நான்கு உறுப்புகளில் கசப்புதான் உயிர். வடிமதுவும் சர்க்கரையும் தண்ணீரும் மட்டுமிருந்தால் அதற்கு வேறு பெயர், ஸ்லிங். சில துளிக் கசப்பு விழுந்த பிறகே அது காக்டெய்ல் ஆகிறது. அக்கசப்பு மருந்துக் கடையிலிருந்து வந்தது. சைமன் பொலிவாரின் படையில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் சீகர்ட் என்பவர், வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில், வயிற்றுக் கோளாறுக்கென வேர்களையும் மூலிகைகளையும் கூட்டி 1824-இல் ஒரு சாறு செய்தார். ஊர்ப் பெயரே மருந்தின் பெயராயிற்று. பிற்காலத்தில் அந்த ஊர் சியுடாட் பொலிவார் என்று பெயர் மாறிற்று. தயாரிப்பும் டிரினிடாட் தீவுக்குப் போய்விட்டது. ஊர் இழந்த பெயரை அந்தச் சிறு குப்பி இன்றும் சுமந்து நிற்கிறது.

பனிக்கட்டியையும் சொல்ல வேண்டும். அதே 1806-இல்தான் பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை முதன்முதலாகக் கப்பலேற்றி மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். ஊரார் நகைத்தார்கள், அவருக்கு நட்டமும் ஆயிற்று. ஆயினும் விடவில்லை. 1833-இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கவே வட்டமாக ஒரு கட்டடம் எழுந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிச் சென்ற பெருமையால் இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் சுற்றுப்புறத்துக்கு நாம் வழங்கும் பெயர் ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்க ஏரி ஒன்றின் குளிர், பல மாதம் கடலில் வந்து, வெள்ளைக்காரர் கோப்பையைத் திருவல்லிக்கேணியில் குளிர்வித்தது. மலிவான பனிக்கட்டி இல்லையேல் இன்று செவ்வியல் என்று போற்றப்படும் காக்டெய்ல்களில் பெரும்பாலானவை பிறந்தே இரா.

வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் இருந்த இக்கலைக்கு அமெரிக்காவில் முதல் நூல் செய்தவர் ஜெர்ரி தாமஸ். 1862-இல் நியூயார்க்கில் அது வெளிவந்தது. எரியும் விஸ்கியை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு நெருப்பு நாடாவாக ஆற்றிக் காட்டுவது இவருடைய புகழ்பெற்ற வித்தை. நம் தேநீர்க் கடைக்காரர் ஆற்றுவது போலத்தான். இடையில் தீ இருக்கும், அவ்வளவே வேறுபாடு. அந்நூலில் பஞ்ச் வகைகளே மிகுதி. காக்டெய்ல் என்ற தலைப்பின்கீழ் வருபவை மிகச் சில. ஆளப்போகும் வடிவம் அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்தது.

அதன்பின் இருபதாண்டுகளில் அது பெருகிற்று. புதியன செய்யும் ஆர்வத்தில் மதுக்கூடப் பணியாளர்கள் ஒரு துளி அப்சிந்த், ஒரு துளி குராசோ, ஒரு துளி மராஸ்கினோ என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். பழங்களும் ஏறின. அப்போது, வயதானவர்கள் சிலர் பலகையின் முன் நின்று, இவை ஒன்றும் வேண்டாம், பழைய முறையிலே ஒன்று கொடு என்று கேட்கத் தொடங்கினார்கள். விஸ்கி, சர்க்கரை, சிறிது தண்ணீர், கசப்பு: 1806-இன் அதே நான்கு. ‘ஓல்டு ஃபேஷண்டு’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் காக்டெய்லின் பெயர் இவ்வாறு வந்ததே.

இதைப் படித்த அன்று நான் நூலை மூடி வைத்துவிட்டேன். எத்தனையோ நூற்றாண்டுகளாக வெண்பா எழுதியவர் எவரும் தாம் மரபுக்கவிதை எழுதுவதாகச் சொல்லவில்லை. பா என்றார்கள், செய்யுள் என்றார்கள். ந. பிச்சமூர்த்தியும், 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழும் புதுக்கவிதைக்கு இடம் வகுத்த பிறகே, இருந்ததற்கு மரபுக்கவிதை என்ற பெயர் நிலைத்தது. பழைமைக்குப் பெயர் சூட்டுவது புதுமைதான். நம் வட்டத்து மரபுக் கவிஞர்கள் சினம் கொள்ள வேண்டாம். நீங்கள் பெருமையோடு சூடியிருக்கும் பெயர் எதிர்த்தரப்பார் தந்த பரிசு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘பழைய முறை’ என்று கேட்ட அம்முதியவர்கள் கேட்டது உண்மையில் பழையதேயில்லை. 1806-இல் காக்டெய்லை உடல்நலத்துக்கென்று காலையில் குடிப்பதும் வழக்கம்; பனிக்கட்டி அரிது. 1880-களின் ‘பழைய முறை’ பனிக்கட்டியோடு வந்தது. நினைவில் நிற்கும் மரபு எப்போதும் நினைப்பவரின் காலத்துக் குளிரோடுதான் வருகிறது.

இவ்வடிவங்கள் ஏன் நிலைத்தன என்று கேட்டால், அவற்றின் யாப்பே காரணம் என்பேன். வடிமது ஒன்று, புளிப்பு ஒன்று, இனிப்பு ஒன்று. இது ஒரு சட்டகம். ரம், எலுமிச்சை, சர்க்கரை என்றால் டாய்க்கிரி. கியூபாவில் சாந்தியாகோ நகரின் அருகிலுள்ள சிற்றூரின் பெயர் அது; 1898 போருக்குப் பின் அங்கே இரும்புச் சுரங்கத்தில் பணிபுரிந்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்பவரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளையும் தீவில் அம்மூன்றையும் அவருக்கு முன் எவரும் கலந்ததில்லை என்று நம்ப எனக்கு மனமில்லை. பெயர் சூட்டி ஊருக்குக் கொண்டுபோனவர் அவர். அதே சட்டகத்தில் பிராந்தியும், ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மதுவும், எலுமிச்சையும் வைத்தால் சைடுகார். பிராந்தியை எடுத்துவிட்டு மெக்சிகோவின் டெக்கீலாவை வைத்தால் மார்கரீட்டா. சீர் மாறுகிறது, தளை மாறவில்லை. டேவிட் எம்பரி என்னும் வழக்கறிஞர் 1948-இல் எழுதிய நூலில் ஆறு அடிப்படைக் காக்டெய்ல்களை நிறுத்தி, ஏனையவற்றை அவற்றின் வழியாக விளக்கினார். அவர் மதுக்கூடத்தில் பணி செய்தவர் அல்லர். இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுப்பவர் பெரும்பாலும் அப்படித்தான்!

பொருள் கிடைக்காதபோதும் வடிவம் பிழைத்துக்கொள்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சாசரக் பிரெஞ்சுப் பிராந்தியில் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். ஃபிலாக்சரா என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது பிராந்தி அருகிற்று. கம்புபோன்ற ரை தானியத்திலிருந்து எடுத்த விஸ்கி அவ்விடத்தில் அமர்ந்தது. அதில் சேரும் அப்சிந்தை அமெரிக்க அரசு 1912-இல் தடை செய்தது. வேறொரு சோம்பு மது அவ்விடத்தையும் நிரப்பியது. இரு தூண்களும் மாறிய அந்த வீட்டைத்தான் 2008-இல் லூசியானா சட்டமன்றம் நியூ ஆர்லியன்சின் அதிகாரபூர்வக் காக்டெய்ல் என்று அறிவித்தது.

மார்ட்டினியின் கதை வேறு. அது கழித்தலின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜின்னும் வெர்மூத்தும் ஏறக்குறையச் சரிபாதி. பின்னர் இரண்டுக்கு ஒன்று. எம்பரியின் நூலில் ஏழுக்கு ஒன்று. அதற்கும் மேலே போய், வெர்மூத் புட்டியை ஜின்னுக்குக் காட்டினால் போதும் என்ற வேடிக்கைப் பேச்சு வரை வந்தது. மிகைச் சொல்லை நீக்கு என்பது நல்ல அறிவுரை. நீக்கிக்கொண்டே போனால் கோப்பையில் குளிர்ந்த ஜின் மட்டுமே மிஞ்சும். ஹைக்கூ எழுதும் இளைய நண்பர்கள் இங்கே பலர் இருப்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

தோற்றக் கதைகளைப் பற்றி ஒரு சொல். சேவலின் வால் இறகு, வால் நறுக்கிய குதிரை, முட்டைக் கிண்ணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் என்று காக்டெய்லுக்குச் சொற்பிறப்புகள் ஏராளம். கடைசிக் கதையின் நாயகரான நியூ ஆர்லியன்ஸ் மருந்து வணிகர் பேஷோ, 1806-இல் சிறுபிள்ளை. ஓல்டு ஃபேஷண்டு தங்கள் மன்றத்தில் பிறந்ததாக லூயிவில் நகரத்தின் பெண்டெனிஸ் மன்றத்தார் உரிமை கொண்டாடுவர். மன்றம் 1881-இல் தோன்றியது; சிகாகோ நாளிதழ் ஒன்றில் அப்பெயர் 1880-லேயே அச்சேறிவிட்டது.

அம்மன்றத்தின் பெயரைச் சொன்னதால், அங்கே பணியாற்றிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். டாம் புல்லக் என்னும் கறுப்பினத்தவர். பிறகு செயிண்ட் லூயிஸ் நகரத்துக் கண்ட்ரி கிளப்பில் பணி செய்தார். 1913-இல் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், தம்மைக் குடிகாரர் என்று எழுதிய இதழ் ஒன்றின் மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். அக்கிளப்பில் புதினா ஜூலெப் ஒன்றைச் சிறிதளவே சுவைத்ததாகச் சாட்சியம் சொன்னார். வழக்கில் வென்றார், கிடைத்த இழப்பீடு ஆறு சென்ட். ஆனால் அவ்வூர் நாளிதழ் தலையங்கம் தீட்டியது: டாமின் கையால் செய்த ஜூலெப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போன மனிதர் உண்டா? ஒரு கைவினைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு ஏது? 1917-இல் புல்லக் தம் சேர்மானங்களை நூலாக்கினார். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எழுதியதாக நாம் அறியும் முதல் காக்டெய்ல் நூல் அது. மூன்றாண்டு கழியுமுன் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. அவர் இரண்டாம் நூல் எழுதவில்லை. அவருக்கு முன்னும், அவர் காலத்திலும், பலகையின் பின்னே நின்று கலந்து கொடுத்த கறுப்பினத்தார் எத்தனையோ பேர் பெயரின்றிப் போனார்கள். சேர்மானம் தங்கியது, செய்தவர் தங்கவில்லை. ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்களின் கீழே நாம் இடும் வெற்றிடம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

மதுவிலக்கு 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. நம் மாகாணத்திலும் 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு உண்டு. அதன் நோக்கமும் பயனும் தனியே பேசப்பட வேண்டியவை. அமெரிக்காவில் மதுக்கூடத் தொழிலாளர்கள் புலம்பெயர்ந்தார்கள். ஹவானாவுக்குச் சிலர், பாரிசுக்குச் சிலர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் தொழில் கற்ற ஹாரி கிராடக் இலண்டனுக்குத் திரும்பி, சவாய் விடுதியில் சேர்ந்தார். 1930-இல் அவர் தொகுத்த சவாய் காக்டெய்ல் நூல், சிதறியவற்றைச் சேர்த்து வைத்த பெருந்தொகை. பாட்டுத் தொகுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது போல அத்தொழிலார் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் தொகுப்போர் கையில் ஒன்று நேரும் என்பதை ஏட்டுச் சுவடி அறிந்த நாம் அறிவோம். நியூயார்க்கில் ஹூகோ என்ஸ்லின் என்பவர் 1916-இல் தாமே வெளியிட்ட சிறு நூலில் ‘ஏவியேஷன்’ என்றொரு சேர்மானம் தந்தார். வானூர்தி புதுமையாயிருந்த காலம். ஜின், எலுமிச்சை, மராஸ்கினோ, அத்துடன் வயலட் பூவின் சாறு சேர்ந்த இனிப்பு மது. அப்பூவின் துளியால் கோப்பை வெளிறிய வான நிறம் கொள்ளும். பெயர்ப் பொருத்தம் அதுவே. கிராடக்கின் நூலிலும் ஏவியேஷன் உண்டு. பூ மட்டும் இல்லை. அப்பெருந்தொகையைப் பார்த்துக் கலந்தவர்கள் பல்லாண்டுகள், மங்கிய எலுமிச்சை நிறத்தில் ஒன்றைக் கொடுத்து, அதற்கு வான்பறப்பு என்ற பெயர் ஏன் என்று விளங்காமலே இருந்தார்கள். ஒரு சொல் விடுபட்ட பாடத்துக்கு உரை காண முயன்ற உரையாசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில், குறிப்பாக எழுபதுகளில், பிழிந்த எலுமிச்சைக்குப் பதில் பொடியும் பாட்டில் கலவையும் வந்தன, கலை நலிந்தது. 1987-இல் நியூயார்க்கின் ரெயின்போ ரூம் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கே பொறுப்பேற்ற டேல் டிகிராஃப், ஜெர்ரி தாமசின் பழைய நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, பழத்தைப் பிழிந்து செய்யத் தொடங்கினார். பிறகு தேடல் பரவியது. டேவிட் வோண்டிரிச் என்னும் ஆய்வாளர் தாமசின் நூலைக் காலச் சூழலோடும் விளக்கத்தோடும் 2007-இல் மறுபடி அறிமுகம் செய்தார். ஆங்கில இலக்கியப் பேராசிரியராயிருந்து இத்துறைக்கு வந்தவர் அவர் என்பதை நீங்கள் விரும்புவீர்கள். 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரோடு இப்பணியை நான் ஒப்பிட மாட்டேன். பொருளின் எடை வேறு. எனினும் பழைய பாடங்களை ஒப்புநோக்கும் கண் ஒன்றுதான்.

அந்தக் கண்ணே என்ஸ்லினின் சிறுநூலையும் கண்டெடுத்தது. நான்காவது உறுப்பு என்னவென்று தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் அப்பூமது விற்பனையில் இல்லை. ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட ஒன்று 2007 வாக்கில் அங்கே இறக்குமதியாகத் தொடங்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோப்பைக்கு அதன் வான நிறம் திரும்பியது. குடித்துப் பார்த்த சிலர், பூ இல்லாத கிராடக்கின் பாடமே சுவை மிக்கது என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

தேநீர் வெளியே தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை செய்கிறார்.